மவுஸைப் பிடித்தால் டீச்சருக்கு ஏன் கை நடுங்குகிறது? கணினிப் பதற்றம்: ஓர் எளிய விளக்கம்

எங்கள் ஒன்றியத்தில் எமிஸில் ஏதாவது சிக்கல் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குத்தான் போன் வரும். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவன். எப்போதோ ஒரு தலைமையாசிரியருக்கு, காமன் பூலில் சிக்கிக் கிடந்த இரண்டு பிள்ளைகளைத் தேடி அவர் பள்ளியில் சேர்த்துக் கொடுத்தேன்; அன்றிலிருந்து இந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. (எமிஸ் என்பது தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம். பிள்ளைகளின் வருகையிலிருந்து ஆசிரியர் விவரம் வரை அதில்தான் ஏற்ற வேண்டும். ஒரு பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்டு இன்னொரு பள்ளியில் இன்னும் சேராத பிள்ளைகளின் பெயர்கள் காத்துக்கிடக்கும் இடம்தான் காமன் பூல்.)

இப்படி உதவப் போன இடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. நன்றாகப் பாடம் நடத்துகிற, ஊரே மதிக்கிற ஆசிரியர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். உள்ளங்கை வியர்க்கிறது, நேற்று செய்த வேலையே இன்று மறந்துபோகிறது, “நீங்களே அடிச்சிருங்க சார்” என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். வெளியே பேசுகிறவர்கள் இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுவார்கள்: வயசாகிவிட்டது, கற்றுக்கொள்ள மனசில்லை, வாங்குகிற சம்பளத்துக்கு இதுகூடத் தெரியாதா. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன், அதனால் பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இதற்குக் கணினிப் பதற்றம் என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை, 1980களிலிருந்தே உளவியல்காரர்கள் அளந்து பார்த்து வருகிற ஒன்று.

முதலில், எது பதற்றம் இல்லை

மூன்று விஷயங்களை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஒன்று, தெரியாமை. எக்ஸெலில் கூட்டல் போடத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒருமுறை காட்டினால் தெரிந்துவிடும். இரண்டாவது, வேண்டாமை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில், பாட நேரத்தில் செல்போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் எரிச்சல்படுகிறார் என்றால் அது பயம் இல்லை, நியாயமான புகார். அதைப் போய் ‘டெக்னாலஜின்னா இவங்களுக்கு அலர்ஜி’ என்று முத்திரை குத்துவது அநியாயம்.

மூன்றாவதுதான் நம் விஷயம். கம்ப்யூட்டரைத் தொடும்போதோ, தொட வேண்டியிருக்குமே என்று நினைக்கும்போதோ, உண்மையில் நடக்கக்கூடிய கெடுதலுக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு உடம்பும் மனசும் பதறுவது. இதை அளக்க 1987இல் அமெரிக்காவில் 19 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் வெளிவந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘எனக்குப் பொருந்தும், பொருந்தாது’ என்று மதிப்பெண் போட வேண்டும். உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று அது சோதிப்பதில்லை. தப்பான பட்டனை அழுத்தி ஏகப்பட்ட தகவலை அழித்துவிடுவேனோ, என்னால் திருத்த முடியாத பிழையைச் செய்துவிடுவேனோ என்கிற மாதிரி, மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதைத்தான் பெரும்பாலும் கேட்கிறது. அதனால் நன்றாகத் தெரிந்தவருக்கும் பதற்றம் இருக்கலாம், ஒன்றுமே தெரியாதவர் ஜாலியாகத் தட்டிக்கொண்டும் இருக்கலாம். மூன்றாம் வகுப்புப் பையன் கையில் டேப்லெட்டைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டாவது ரகம் தெரியும்.

வாட்ஸாப் வரும், எமிஸ் வராதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ‘டீச்சர் காலையில் குட் மார்னிங் படம் அனுப்புகிறார், யூடியூப்பில் கோலம் பார்க்கிறார், மளிகைக் கடையில் ஜிபே போடுகிறார், வருகைப் பதிவு என்றால் மட்டும் பயமா? நடிப்பு!’

நடிப்பு இல்லை. சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் திண்ணை ஓரமாக, யாரும் பார்க்காத மத்தியானத்தில், முட்டியைச் சிராய்த்துக்கொண்டு நாமே ஓட்டப் பழகினோம். அதே சைக்கிளை முதல் நாளே ஊர்த் திருவிழாவில் தேருக்கு முன்னால் ஓட்டச் சொல்லியிருந்தால்? சைக்கிள் ஒன்றுதான், இடம் வேறு. வாட்ஸாப்பை டீச்சர் திண்ணையில் பழகினார். தப்பாக அனுப்பினால் அழித்துவிடலாம், சந்தேகம் வந்தால் மகளைக் கேட்கலாம், மேலதிகாரி யாரும் பார்க்கப்போவதில்லை. எமிஸைத் தேருக்கு முன்னால் பழகச் சொன்னோம்.

உளவியலில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: தன்திறன் நம்பிக்கை. ‘இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்’ என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் முன்வைத்த கருத்து. இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘இந்தக் குறிப்பிட்ட’ என்பது. ஒரு வேலையில் இருக்கும் நம்பிக்கை தானாக இன்னொன்றுக்கு ஓடிப்போய்விடாது. பிரமாதமாக மீன் குழம்பு வைப்பவர் பிரியாணிக்கு அரிசி அளக்கத் தயங்குவார் இல்லையா, அப்படித்தான்.

வயதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்களிடம் பதற்றம் கூடுதலாகத் தெரிவது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி அனுபவத்தின் குறை. எந்த வயதில் கம்ப்யூட்டரைத் தொட்டார், முதல் அனுபவம் எப்படி இருந்தது என்பது பிறந்த வருடத்தைவிட அதிகம் பேசும். முப்பது வயதில் கை நடுங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது ஸ்மார்ட் போர்டில் பூந்து விளையாடியவரையும் பார்த்திருக்கிறேன்.

சரி, இதுவரை சொன்னது: கணினிப் பதற்றம் என்பது அறிவுக் குறையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கருவியைவிட, அதைத் தொட வேண்டியிருக்கும் சூழ்நிலையோடு அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கும் பயம்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது

ஆசிரியர்களுக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் பார்வை நாள் எல்லோருக்கும் தெரியும். வட்டாரக் கல்வி அலுவலர் வகுப்புக்குள் வருகிறார். தினமும் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிற பிள்ளையை எழுப்பி “ஏழு எட்டு எவ்வளவும்மா?” என்று கேட்கிறார். பிள்ளை முழிக்கிறது. அவர் ஜீப் ஏறிய மறு நிமிஷம் ‘ஐம்பத்தாறு டீச்சர்’ என்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாது என்று நீங்கள் சொல்வீர்களா?

மூளையில் ‘வேலை நினைவு’ என்று ஒன்று இருக்கிறது. செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தேவையான தகவல்களைக் கொஞ்ச நேரத்துக்குக் கையில் பிடித்து வைத்திருக்கும் இடம். ரொம்பச் சின்ன இடம், ஒரே சமயத்தில் நாலைந்து விஷயம்தான் தங்கும். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று தண்ணீர் தூக்கி வருகிறவரிடம் வீட்டுச் சாவியை நீட்டினால் எப்படி வாங்குவார்? கை இருக்கிறது, காலியாக இல்லை. பதற்றம் என்பது அந்த இரண்டு குடம். ‘எல்லோரும் பார்க்கிறார்கள்’, ‘தப்பாகிவிட்டால்?’ என்ற நினைப்புகள் வேலை நினைவில் இடம் பிடித்துக்கொள்கின்றன. மிச்ச இடத்தில்தான் பயனர் பெயர், பாஸ்வேர்டு, போனில் வந்த ஓடிபி, கோணல்மாணலாக ஒரு கேப்சா எல்லாம் உட்கார வேண்டும். ஓடிபியைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்புவதற்குள் கடைசி இரண்டு எண் காணாமல் போய்விடுகிறது. ஞாபக மறதி என்று டீச்சர் தன்னையே திட்டிக்கொள்கிறார். முந்நூறு பிள்ளைகளின் பெயரை அப்பா பெயரோடு சொல்கிறவருக்கு ஞாபக மறதியாம்!

உடம்பும் சும்மா இருப்பதில்லை. இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். விண்டோஸில் ஒரு ஃபைலைத் திறக்க மவுஸை இரண்டு முறை தட்ட வேண்டும். இரண்டு தட்டுக்கும் நடுவே அரை விநாடிக்கு மேல் போனால், வழக்கமான அமைப்பில் அது இரட்டைத் தட்டு என்று கணக்காகாது. பயந்த விரல் எப்படித் தட்டும்? டொக் என்று ஒன்று, திரையைப் பார்த்து ஏதாவது ஆகிவிட்டதா என்று ஒரு மூச்சு, அப்புறம் டொக். ஃபைலின் பெயர் மேல் அப்படி நிறுத்தித் தட்டினால் விண்டோஸ் ‘ஓ, பெயரை மாற்றப் போகிறீர்களா’ என்று பெயரைத் திறந்து கொடுத்துவிடும். அந்த நேரம் பார்த்து விரல் ஒரு எழுத்தில் பட்டால் போதும், ‘ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்’ என்ற ஃபைல் ‘க’ என்று மாறிவிடும். அழிந்துவிட்டது என்று டீச்சர் முடிவு கட்டிவிடுவார். நானே இரண்டு பள்ளிகளில் இப்படி ‘அழிந்த’ ஃபைல்களை அதே இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பயம் பிழையை உண்டாக்கியது, பிழை ‘பார், நான் பயந்தது சரிதான்’ என்று சாட்சி சொன்னது.

தெருமுனை நாய்

இனிமேல்தான் முக்கியமான பகுதி. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்த மாதிரி.

ஒரு தெருமுனையில் என்றைக்கோ ஒரு நாய் உங்களைத் துரத்தியது. மறுநாளிலிருந்து சுற்றுவழியில் போகிறீர்கள். ஒவ்வொரு நாளும் கடிபடாமல் வீடு வந்து சேரும்போது மனசுக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் வில்லன். சுற்றி வந்ததால்தான் தப்பித்தோம் என்று அது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நாய் செத்துப்போய் மூன்று வருடம் ஆகியிருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள்தான் அந்தப் பக்கமே போகவில்லையே. மனசுக்குள் இருக்கிற நாய் மட்டும் வளர்ந்து கன்றுக்குட்டி அளவுக்கு ஆகிவிட்டது.

இதற்குத் தவிர்ப்புச் சுழல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்: பயம், தவிர்த்தல், நிம்மதி, முன்பைவிடப் பெரிய பயம். கணினிப் பதற்றம் வருடக்கணக்கில் நீடிப்பது இதனால்தான். நம் ஊரில் தவிர்ப்பதற்கு வசதியும் அதிகம். பக்கத்துப் பள்ளி சார் பார்த்துக்கொள்வார், ஊரில் உள்ள நெட் சென்டர் பையன் நூறு ரூபாய்க்கு அடித்துக் கொடுப்பான், வீட்டில் மகனோ கணவரோ செய்துவிடுவார். ஒவ்வொரு உதவியும் அன்போடு செய்ததுதான். ஒவ்வொன்றும் நாய்க்குப் போட்ட சோறு.

அந்தப் ‘பக்கத்துப் பள்ளி சார்’ நான்தான். “கொடுங்க டீச்சர், நான் பண்றேன்” என்று மவுஸை வாங்கி இரண்டு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாக வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன். நாலு வருஷம் ஒரே பள்ளிக்கு ஒரே வேலைக்காகப் போனேன் என்றால் என் உதவியின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பதற்றம் வேலை நினைவை அடைத்துப் பிழை செய்ய வைக்கிறது. பிழை பயத்தைக் கூட்டுகிறது, பயம் தவிர்க்க வைக்கிறது, தவிர்ப்பு தரும் நிம்மதி பயத்தைக் கெட்டிப்படுத்துகிறது. இயந்திரம் இவ்வளவுதான்.

கிராமத்துப் பள்ளியில் இது ஏன் கூடுகிறது

நகரத்திலும் இது உண்டு. ஆனால் கிராமத்து அரசுப் பள்ளியில் சில தனிக் காரணங்கள் சேர்கின்றன. முதலாவது, இருப்புப் பதிவேடு. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பொருளும், நாற்காலி முதல் ப்ரொஜெக்டர் வரை, அதில் ஏறும். உடைந்தால், தொலைந்தால், தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார், பதில் சொல்ல வேண்டியது தலைமையாசிரியர். கம்ப்யூட்டர் அறையில் திண்டுக்கல் பூட்டு தொங்குவதையும், மானிட்டர் மேல் இன்னும் பாலிதீன் உறை இருப்பதையும் பார்த்து வெளியாட்கள் சிரிக்கிறார்கள். ஓய்வூதியப் பணப்பலன் தள்ளிப்போகுமோ என்று பயப்படுகிறவர் நிலையிலிருந்து பார்த்தால் சிரிப்பு வராது. ‘தொட்டுப் பழகுங்கள்’ என்ற அறிவுரையும் ‘கெட்டால் நீங்கள்தான் பொறுப்பு’ என்ற நடைமுறையும் ஒரே பீரோவில் இருக்கின்றன.

இரண்டாவது, மொழி. தமிழ்வழியில் படித்து தமிழ்வழியில் கற்பிக்கிறவர் முன்னால் ஆங்கில விசைப்பலகை. பழைய விண்டோஸில், 95, 98 காலத்தில், ஏதாவது மென்பொருள் தடுமாறினால் திரையில் ‘இல்லீகல் ஆபரேஷன்’ நடந்துவிட்டதாக ஒரு பெட்டி வரும். அப்படியென்றால் சட்டவிரோதமான செயல்! நிரலின் கோளாறைச் சொல்லும் வாசகம் அது, ஆனால் உட்கார்ந்திருந்தவரைக் குற்றவாளியாக்கியது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பழகப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்து எழுந்து வந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர்கள். தமிழில் தட்டச்சு செய்வதும் தனிக் கதை. தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே தரமாக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் பள்ளிக்கு வந்த கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துரு, அலுவலகத்தில் இன்னொன்று, இங்கே அடித்தது அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். முத்து முத்தாகக் கரும்பலகையில் எழுதுகிறவர் ‘ழ’வைத் தேடிப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நமக்கே கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரியதாகத் தோன்றுகிறது. கிராமத்தில் வாத்தியார் என்றால் தெரிந்தவர். மனு எழுத, வங்கிப் படிவம் நிரப்ப, நீதிமன்றத்திலிருந்து வந்த தபாலைப் படித்துச் சொல்ல இன்றும் அவரிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவர், எட்டாம் வகுப்புப் பையனிடம் ‘தம்பி, இது எப்படிப்பா மூடுறது?’ என்று கேட்க வேண்டும். இது கம்ப்யூட்டர் மேல் உள்ள பயமே இல்லை. முப்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் தெரியாதவராக நிற்கும் பயம். ஈராசிரியர் பள்ளி என்றால் சமமாகக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள்கூடக் கிடையாது, இன்னொருவர் தலைமையாசிரியர்.

பயிற்சி கொடுத்தால் போய்விடுமா?

எப்படிப்பட்ட பயிற்சி என்பதைப் பொறுத்தது. ஒரு பயிற்சிக்கு நானும் போயிருந்தேன்: அறுபது பேர், ஒரு ப்ரொஜெக்டர், முன்னால் ஒருவர் கடகடவென்று பட்டன்களை அழுத்திக்கொண்டே ‘ரொம்ப ஈஸிதாங்க’ என்றார். மாலையில் வருகைச் சான்று வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த ‘ஈஸி’ என்ற சொல் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று அவருக்குத் தெரியாது. கஷ்டமான வேலை வரவில்லை என்றால் வேலை கஷ்டம். சுலபமான வேலை வரவில்லை என்றால் நான் மக்கு.

கருவியை வாங்கிக் கொடுத்தாலும் போதாது. 1995இல் அமெரிக்காவின் பொதுப்பள்ளி ஆசிரியர்களிடம் நடந்த ஓர் ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது: கம்ப்யூட்டர் பள்ளியில் இருந்தும் பலர் அதைப் பயன்படுத்தவில்லை. பண்டூரா தன்திறன் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபோது எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தது, ஒருவர் தானே செய்து ஜெயித்த அனுபவத்தை. அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. ‘தன்னைப் போன்ற’ என்பது முக்கியம், இருபத்தைந்து வயது பொறியாளர் செய்து காட்டுவதைவிடப் பக்கத்து ஊர்த் தமிழாசிரியை தட்டுத்தடுமாறிச் செய்து முடிப்பது அதிகம் பலன் தரும். ‘உங்களால முடியும் டீச்சர்’ என்ற தட்டிக்கொடுத்தல் அதற்கெல்லாம் பின்னால்தான் வரும். நாம் வழக்கமாக அதைத்தான் முதலில் கொடுக்கிறோம், செலவில்லாததாயிற்றே.

இதெல்லாம் படித்த பிறகு, நாலு வருஷம் போய்வந்தேனே, மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளி, அங்கே என் வழியை மாற்றினேன். முதலில் மவுஸின் இரட்டைத் தட்டு வேகத்தை அமைப்புகளில் போய்க் குறைத்தேன். ஒரே நிமிஷ வேலை, பாதிப் பிழை அன்றே போனது. அப்புறம் ஒரு பக்கம் கண்டதையும் அடிக்கச் சொல்லி, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். “அய்யோ போச்சே” என்றார் டீச்சர். கண்ட்ரோலோடு இசட். எல்லாம் திரும்ப வந்தது. திரும்பவும் அழித்தார், திரும்பவும் வரவைத்தார். ஐந்தாறு தடவை அதையே விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தார், நான் நிறுத்தவில்லை. திருத்த முடியாது என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பொய் சொல்லவும் கூடாது: எமிஸில் சில பதிவுகளைச் சமர்ப்பித்துவிட்டால் மேல் அலுவலக லாகினிலிருந்துதான் திருத்த முடியும். எந்தப் பட்டன் அப்படிப்பட்டது என்று காட்டிச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். படிகள் எல்லாவற்றையும் அவரே தன் கையெழுத்தில், தன் தமிழில், ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டும் இருக்கிறது. பாதுகாப்பு நிபுணர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

கடினமாக இருந்தது எனக்குத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மவுஸை வாங்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. இரண்டாவது வாரம் டீச்சரே சொல்லிவிட்டார், நான் பின்னால் நின்றால் வரமாட்டேன் என்கிறது என்று. வெளியே வந்து சத்துணவுக் கூடத்துப் பக்கம் நின்றுகொண்டேன். அரை மணி ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை. ஜன்னலோரம் போய்க் கேட்டேன்.

“முடிஞ்சுதுங்களா டீச்சர்?”

“இன்னும் இல்லீங்க சார். நீங்க உள்ள வராதீங்க.”